கரையான் தின்ற பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இந்தச் சின்ன நாட்டின் ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்கிறேன் அல்லவா? பெரியப்பா இங்கே காணாமல்போன வருடத்தின் துறைமுக வேலைநிறுத்தக் கோப்பைக் கேட்டேன். சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று எழுதித் தொலைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்த கோப்பில் இறந்தவர்கள் பட்டியலை மட்டும் காணோம்.

"கரையான் தின்னுருக்கும், விடுங்க" என்றார் மேலதிகாரி.

ஸ்கேல் வைத்துத் தின்னும் கரையானை நான் பார்த்ததில்லை. தாளெல்லாம் பழுப்பு, வெட்டிய ஓரம் மட்டும் வெள்ளை.

மற்றபடி ஒன்றுமில்லை. அம்மாவைக் கைப்பட நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பெரியப்பாவின் கடைசிக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து என் அறை முகவரிக்கு அனுப்புங்கள். மேலதிகாரி வருகிறார், முடிக்கிறேன்.

உங்கள் மகள்

பி.கு.: அசலை யார் வந்து கேட்டாலும், கரையான் தின்றுவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.