நீச்சல் குளத்துக்கு ஒரு மச்சி

செம்பூர், மும்பை
ஜனவரி 9

அன்பு மச்சிக்கு,

ஹாஃபிஸா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மெஹக்கும் அவளுடைய வாப்பாவும் அல்லாஹ் கிருபையால் நலம். உங்கள் நலத்தையும், முக்கியமாக உங்கள் வலது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் பம்பாய் என்று வாயெடுத்தாலே, "அடுப்புல பால் இருக்கு புள்ளே" என்று வைத்துவிடுகிறீர்கள். மூன்று மாதமாக அந்தப் பால் பொங்கவே இல்லை! அதனால்தான் பேனாவை எடுத்தேன். கூடவே ஒரு ஃபாரம் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மெஹக் வாப்பா இன்னும் தினமும் பஸ் பிடித்துத் தாராவிக்குப் போய்த்தான் பை தைக்கிறார். தாராவியை விட்டு இந்த ஏழாவது மாடிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, இன்னமும் இங்கே தூக்கம் வரவில்லையாம். கீழே யாரும் சண்டை போடுவதில்லை, எப்படித் தூங்குவது என்கிறார். மெஹக் காலேஜுக்குப் போகிறாள், வருகிறாள், நடுவில் போனைப் பார்க்கிறாள். ஒரு புதுமை, தமிழ் எழுதப் பழகுகிறாள். உங்கள் பெயரில்தான் ஆரம்பித்தாள். ஷரீஃபுன்னிசா என்று எழுதுவதற்குள் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டாள். "மாமி பேரு ஏன் உம்மா இவ்ளோ லம்பா?" என்று பெயரின் நீளத்துக்காக என்னிடம் கோபம் வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீன் கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன், அதற்கு வால் ஒன்று முளைத்திருக்கிறது.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது, முழங்காலுக்காக டாக்டர் உங்களைத் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னதும், நம் சொசைட்டியிலேயே நீச்சல் குளம் இருக்கிறதே என்று நான் குதித்தேன். வீடு என் பெயரில்தானே இருக்கிறது, சொந்தக்காரி கேட்டால் பாஸ் கொடுக்க மாட்டார்களா என்று ஒரு மிதப்பு. மெஹக் போனில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் சிங்க்கில் வாவல் மீன் அலசிக்கொண்டிருந்தேன். "உம்மா, மாமி உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "மச்சி" என்றேன், அண்ணன் மனைவியை நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வது? அந்தப் புத்திசாலி அதை அப்படியே அடித்து அனுப்பிவிட்டாள். மறுநாள் சொசைட்டி மேனேஜரிடமிருந்து பதில்: நீச்சல் குளத்துக்குள் மீன் கொண்டுவரக் கூடாது, விதி பதினொன்று. பம்பாய்க்காரனுக்கு மச்சி என்றால் மீன்தானே மச்சி! சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் யார் வீட்டில் மீன் வளர்க்கிறார்கள் என்று ஒரே களேபரம். ஒரு அம்மா மட்டும் கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அப்புறம் எப்படியோ பாஸ் என்று மணிக்கட்டில் கட்டுகிற பட்டை வந்துவிட்டது. மெஹக் வாப்பா வாங்கி வந்த முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு, "சர்க்கஸ்காரி மாதிரி இருக்கேனாடி" என்று கேட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்கினீர்கள். ஐந்தாம் நாள் கம்பியைப் பிடிக்காமல் நடந்தீர்கள். எட்டாம் நாள் வாசலில் மெஷின் கீச்சென்று கத்தியது, வாட்ச்மேன் உங்களை நிறுத்திவிட்டான். அப்போதுதான் பார்த்தோம், சொந்தக்காரர் குடும்பத்துக்குக் கொடுக்கும் பச்சைப் பட்டை இல்லை அது. விருந்தாளிக்குக் கொடுக்கும் சிவப்பு. ஆயுள் ஏழு நாள்.

நீங்கள் துணியை மடித்துக்கொண்டே, "விருந்துக்கு வந்தவ கெளம்ப வேண்டியதுதானே புள்ளே" என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுநாளே ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ரயில் ஏறிவிட்டீர்கள். என் கூடப்பிறந்த காக்கா மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அந்த வீட்டில் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள், திறந்து வைப்பதற்கு?

மச்சி, விருந்தாளி என்று நான் எழுதிக் கொடுத்ததாகத்தானே இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அல்லாஹ் மேல் ஆணையாக நான் எழுதவில்லை. அது எப்படி வந்தது என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே தெரிந்தது.

அன்றைக்குச் சொசைட்டி மீட்டிங். தாராவி இந்தியில் சண்டை போடுவது என்று முடிவு கட்டிக்கொண்டே போனேன். எங்கள் மச்சிக்கு எவன் சிவப்புப் பட்டை கொடுத்தது என்று எழுந்து நின்று கேட்டேன். செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன் சார் திருதிருவென்று முழித்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனிதர். மேனேஜர் மீன் என்று தள்ளிய விண்ணப்பத்தை இவர்தான் பார்த்து, இது மீன் இல்லையப்பா, தமிழில் மச்சி என்றால் ஃபிரெண்டு என்று நமக்கு உதவி செய்திருக்கிறார்! ஃபிரெண்டு என்றால் விதிப்படி விருந்தாளி. சிவப்புப் பட்டை.

"அச்சச்சோ, தப்பு என் பேர்லதான்மா. எங்காத்துப் பசங்க சிநேகிதாளைத்தான் மச்சி மச்சிங்கறதுகள். அண்ணா ஆம்படையாள்னா எங்களுக்கு மன்னி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் சிரிப்பால் பட்டை பச்சையாகுமா? விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். சொந்தக்காரர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் அல்லது வளர்த்த காப்பாளர். அவ்வளவுதான். அண்ணன் மனைவி எந்த வரியிலும் இல்லை. செக்ரட்டரி சார்தான் மெதுவாகக் கேட்டார், உன்னை வளர்த்தது யாரம்மா என்று.

நான் லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் ஏழு மாடி ஏறி, டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டேன். ஒன்றாம் வகுப்பில் இருந்து ஏழாம் வகுப்பு வரை, பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் எல்லாம் ஷரீஃபுன்னிசா, ஷரீஃபுன்னிசா, ஷரீஃபுன்னிசா. உம்மா மவுத்தானபோது எனக்கு ஆறு வயது, நீங்கள் கல்யாணமாகி வந்து நாலு மாதம். செக்ரட்டரி சார் ஒவ்வொன்றாக எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கையெழுத்து ஏன் சிலதில் பெரிசாகவும் சிலதில் எறும்பு மாதிரியும் இருக்கிறது என்று கேட்டார். மார்க் நன்றாக இருந்தால் மச்சி பெரிசாகப் போடுவார்கள், குறைந்தால் காக்கா கண்ணில் படாதபடி சின்னதாகப் போடுவார்கள் என்றேன். நாலாம் வகுப்புக் கணக்கு முப்பத்தொன்று. அந்தக் கையெழுத்தைத் தேட வேண்டியிருந்தது. மீட்டிங்கே சிரித்தது. மேனேஜர் மட்டும் கார்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தோ யே மச்சி நஹீ, மா ஹை" என்றார். மீன் என்று தள்ளியவர் வாயாலேயே தாய் என்று வந்துவிட்டது.

பச்சைப் பட்டை தருகிறார்கள். வருஷம் முழுக்க. ஒரே ஒரு நிபந்தனை, ஃபாரத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பினால் செல்லாதாம், மையில் போட்டது வேண்டுமாம். முப்பதாம் தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும்.

இப்போது ஃபாரத்தைப் பிரியுங்கள். உறவு என்ற கட்டத்தை இந்த முறை போனில் அடிக்கவில்லை. மெஹக்கிடம் சொல்லித் தமிழில் எழுத வைத்தேன். இரண்டே எழுத்துச் சொல்தான் என்று நினைத்தாள், மூன்று வந்தது, கொஞ்சம் கோணலாக இருக்கும். உம்மா. நாற்பது வருஷமாக உங்களை மச்சி என்றுதான் கூப்பிட்டேன், ஊர் வழக்கம் அப்படி, இனிமேலும் அப்படித்தான் கூப்பிடுவேன். கட்டத்தில் மட்டும் இது இருக்கட்டும். உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் அடித்துவிடலாம். ஆனால் அடிக்காதீர்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். அந்த நீச்சல் உடுப்பைக் குளத்து மருந்து வாடை போகத் துவைத்துப் பையில் வையுங்கள். டிக்கெட் போட இங்கே ஆள் தயார். எனக்காக துஆ செய்யுங்கள்.

கணக்கில் நான் இன்னும் முப்பத்தொன்றுதான் மச்சி. இருந்தாலும் இந்த ஒரு தடவை, கையெழுத்தைப் பெரிசாகப் போடுங்கள்.

உங்கள் பிள்ளை
ஹாஃபிஸா