பாதி அம்மா பேரில்

மார்ச் 4
சலவைக்கடையில் இன்று எல்லாம் வெள்ளைச் சட்டைகள். அம்மா இஸ்திரி போட, நான் மடித்தேன். வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். அப்பா மாதாமாதம் அனுப்பும் ஜீவனாம்சம் அம்மாவின் வருமானமாம். அதற்கு வரி பாக்கியாம். படித்துக் காட்டினேன். அம்மா இஸ்திரிப்பெட்டியைத் தூக்க மறந்தாள். ஒரு காலர் கருகிவிட்டது.

மார்ச் 6
வரி அலுவலக அதிகாரியம்மா நல்ல மாதிரி. "பொண்டாட்டிக்குக் குடுத்தா அது வருமானம், வரி உண்டு. பிள்ளை செலவுக்குன்னா வரி கிடையாது. விவாகரத்துத் தீர்ப்புல பிரிச்சு எழுதலையேம்மா?"
எழுதவில்லை. "என் பொண்ணுக்கு விலை போடாதீங்க, ஒரே தொகையா எழுதுங்க" என்று கோர்ட்டில் அம்மாதான் சொன்னாளாம். ரோஷம்! இப்போது மொத்தமும் அவள் தலையில்.
அப்பாவும் இங்கே வந்து சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பிரித்து மாற்றலாமாம். பாக்கியும் குறையும்.
"அந்தாளு முன்னாடி போயி நான் நிக்க மாட்டேன்" என்கிறாள் அம்மா.
அப்போ நானா? கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. வகுப்பில் எழுந்து பேசப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள்.

மார்ச் 9
போகவில்லை.

மார்ச் 11
அப்பா ஓட்டும் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் இறங்கியதும் கண்ணாடியில் பார்த்தார். "என்னம்மா, பசிக்குதா?"
அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன்.
"அப்ப அம்மாவுக்குக் குடுக்கிறதுன்னு எனக்குக் கிடைக்கிற வரிக்கழிவு போயிடுமே?"
"ஆமாப்பா."
ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வருவாரா?

மார்ச் 18
வந்தார். அம்மா பக்கம் திரும்பாமலே அதிகாரியிடம் சொன்னார்: "முழுசும் பிள்ளைக்குன்னே எழுதுங்க. அவளுக்கு வரியே வேணாம்."
அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்குத்தான் ஒரு சந்தேகம்.
"பிள்ளைக்குன்னா... எதுவரைக்கும் வரும் மேடம்?" — என் குரலா அது?
"பதினெட்டு முடியற வரைக்கும்."
எனக்கு வரும் ஜனவரியில் முடிகிறது. அப்புறம் அம்மாவுக்கு? ஒண்ணுமே வராதே! அப்பாவுக்கு இது தெரியுமா? தெரிஞ்சேதான் —? அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலே சொன்னேன்.
"வேணாம். பாதி அம்மா பேர்லயே இருக்கட்டும். அதுக்கு வரி கட்டிக்கிறோம்."
அப்பா பேனா கேட்டார்.
வெளியே வந்ததும் அம்மா, "வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன் உன்ன" என்றாள்.

ஏப்ரல் 2
அம்மாவின் போனில் இரண்டு தொகைகள், தனித்தனியாக.
காலர் கருகிய சட்டைக்காரர் ஊரிலிருந்து திரும்பி, கடை வாசலில் கத்தினார். அம்மா புதுச்சட்டைக்குப் பணம் எடுத்து வைத்தாள். அவர் கத்துவதை நிறுத்தவில்லை.
"மரியாதையா பேசுங்க சார்," என்றாள் அம்மா, "வரி கட்டுறவ நான்."