தகவலாளி எண் ஏழு

பெரும்பாக்கம்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள அனன்யா,

நேற்று பல்கலைக்கழக விசாரணைக் குழுவின் முன்னால் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. "இந்தக் கட்டுரையை எழுதியவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று தலைவர் கேட்டார். தெரியும் என்று மட்டும் சொன்னேன். எம்.ஏ. வகுப்பின் முதல் நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்று சொல்லவில்லை. இதே நேர்காணல்களோடு நான்கு வருடத்துக்கு முன் நான் தமிழில் எழுதிய எம்.ஃபில். ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. சந்திப் பிழை பார்த்துத் தருகிறேன் என்று நீ அதை என்னிடமிருந்து வாங்கிப் போனதையும் சொல்லவில்லை.

உனக்கு விவரம் தெரிந்திருக்காது. என் பிஎச்.டி. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் முடித்துக் கொடுத்தேன். அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டவர்களின் பேச்சை நானே மொழிபெயர்த்து மூன்றாம் இயலில் சேர்த்திருந்தேன். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அங்கங்கே சிவப்புக் காட்டியதாம். குழுவினர் போன வருடம் வெளிவந்த உன் கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார்கள். சொற்கள் வேறு. ஆட்கள் அதே ஆட்கள், வரிசை அதே வரிசை, பேசியதும் அதேதான். உன் கட்டுரை முந்தியது என்பதால் நான் எடுத்ததாக ஆகிவிட்டது.

"சொல்லை மாற்றிவிட்டால் திருட்டு இல்லை என்று நினைத்தீர்களா அம்மா?" என்று தலைவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியைச் சரியான ஆளிடம் கொண்டுவந்து சேர்க்கிறேன்.

22ஆம் தேதிக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். இல்லையென்றால் என் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள்.

நீ இப்படி ஒரு கட்டுரை எழுதியதையே எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் படித்தேன். குளிக்கப் போன இடத்தில் என் சோப்பில் யாருடைய முடியோ ஒட்டியிருப்பதைப் பார்த்தது மாதிரி இருந்தது.

ஒன்று கேட்கிறேன். ஏழாவது தகவலாளி, ஷீலா. "இடம் அவனுது, கதவு என்னுது" என்று வீட்டை இடிக்க வந்தவர்களிடம் சொல்லிக் கதவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர். அவர் பேச்சுக்கு அடியில் "நேர்காணல்: கட்டுரையாசிரியர், பெரும்பாக்கம், பிப்ரவரி 2024" என்று போட்டிருக்கிறாய். நீ அவரைப் பார்த்தாயா?

நீயே குழுவுக்கு எழுதிவிடு. அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் வந்தேன்.

நிலா


மயிலாப்பூர்
12 செப்டம்பர் 2025

என் நிலா,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. "என்னடி, நிலாவோட ஏதாவது சண்டையா? அவ நம்மாத்துக்கு வந்து எத்தனை நாளாச்சு" என்று அம்மா கேட்டுண்டே இருக்கிறாள். நவராத்திரிக்கு உனக்கும் ஒரு ரவிக்கைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். நீ கோமளத்தம்மா என்கிற என் அம்மா கூப்பிட்டால் மறுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

திருட்டு என்ற சொல்லை நீ அவ்வளவு சுலபமாக எழுதியது வலித்தது. உன்னுடையது தமிழ், என்னுடையது ஆங்கிலம். உன் வரி ஒன்றுகூட அதில் இல்லை. மென்பொருளில் சோதித்ததில் ஒற்றுமை நான்கு சதவீதம்தான் வந்தது, சான்றிதழ் வைத்திருக்கிறேன். போன மாதம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி வகுப்பெடுத்ததே நான்தான். மேற்கோள் குறி போடு, மூலத்தைச் சொல், படித்ததை மூடிவைத்துவிட்டுச் சொந்த நடையில் எழுது என்று ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டேன். கல்லூரியில் கொடுத்த ஸ்லைடுகள். மொழிபெயர்ப்பைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை, நிலா. நன்றியுரையில் "தரவுகள் தந்து உதவிய தோழிக்கு" என்று போட்டிருக்கிறேனே, அது நீதானே? பெயர் போட்டால் உனக்குப் பிடிக்காது என்று விட்டேன். உன்னைப் பற்றி நீ யாருக்கும் எதுவும் சொல்லமாட்டாய்.

கோபித்துக்கொள்ளாதே, உன் ஆய்வேடு நூலகத்தில் தூசி படிந்துதான் கிடந்தது. அந்த மனிதர்களின் குரல் நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றுதான் செய்தேன்.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். நாம் இருவரும் சேர்ந்து செய்த களப்பணி என்று குழுவுக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் உன் ஆய்வேடும் தப்பிக்கும், என் கட்டுரையும் தப்பிக்கும். பிப்ரவரி 2024இல் ஷீலாவை இருவரும் சந்தித்தோம் என்று அதில் ஒரு வரி வரும். நான் அவரைப் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாள் இன்னும் அங்கேதானே இருப்பார்? நாளை மறுநாள் ஞாயிறு, என்னைக் கூட்டிக்கொண்டு போ. நல்லதாக ஒரு புடவை வாங்கி வருகிறேன். அதே கேள்விகளை இன்னொரு முறை கேட்டு, அந்தக் கதவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் அப்புறம் யார் என்ன சொல்ல முடியும்?

29ஆம் தேதி எனக்கு நிரந்தர வேலைக்கு நேர்காணல். இந்தக் கட்டுரை இல்லையென்றால் கூப்பிட்டே இருக்கமாட்டார்கள். நான் எத்தனை வருடம் தற்காலிகமாகவே ஓட்டுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

என்றும் உன்
அனன்யா


பெரும்பாக்கம்
13 செப்டம்பர் 2025

அனன்யா,

ஞாயிற்றுக்கிழமை வராதே. புடவை வாங்காதே.

ஷீலா என் அம்மா.

தகவலாளிகளின் பெயரை மாற்றவேண்டும் என்பது விதி. சொன்னதும் அம்மா சண்டைக்கு வந்தாள். "இன்னாத்துக்குப் பேர மாத்துற? நான் இன்னா திருடிக்கினு ஓடியாந்தவளா? தேவானைன்னே போடு." எல்லாருக்கும் மாற்றித்தான் போடுகிறேன் என்றேன். "அப்போ ஷீலான்னு போடு. அடையாறுல நான் வேல செஞ்ச வூட்டு டாக்டரம்மா பேரு. அவுங்க பாத்திரத்தையெல்லாம் நான் தேச்சேன், அவுங்க பேர நான் கொஞ்ச நாள் வச்சிக்கினா இன்னா" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அது என் அம்மா என்று ஆய்வேட்டில் எங்கேயும் எழுதவில்லை. உனக்கும் சொல்லவில்லை. நான் அப்படித்தான், அதை நீ சரியாகவே எழுதியிருக்கிறாய்.

அம்மா இறந்தது 2022 ஆகஸ்டில். நீ வந்திருந்தாய். ரோஜா மாலை கொண்டுவந்தாய். அம்மாவை எடுத்துக்கொண்டு போகும்வரை என் கையை விடவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன் என்று அன்று நினைத்தேன். என் சித்தி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னலோரத்தில் ஒரு பலகைமேல் வைத்தாய். அதுதான் அந்தக் கதவு. இங்கே எந்த நிலைக்கும் பொருந்தவில்லை, அதனால் இரண்டு ஸ்டூல்மேல் போட்டு மேசையாக்கினோம். அதை நீ "கையோடு சுமந்துவந்த வாசல்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். அம்மா வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வூட்டு வேல செஞ்சி வாங்கின கதவு, அவனுக்கு இன்னாத்துக்கு உட்டுட்டு வர்றது" என்றுதான் சொன்னாள்.

உன் அடிக்குறிப்பின்படி, செத்துப்போன என் அம்மா ஒன்றரை வருடம் கழித்து எழுந்துவந்து உனக்குப் பேட்டி கொடுத்திருக்கிறாள். நீ அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நானும் அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக ஆகும். அதை இரண்டு முறை படித்தேன். போட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அம்மா அந்தப் பிப்ரவரியில் உயிரோடு இருந்தாள் என்று ஒரு காகிதமாவது சொல்லும் அல்லவா? அப்புறம் அதை மடித்து உறைக்குள்ளேயே திருப்பி வைத்தேன்.

உன் ஸ்லைடுகளைப் பற்றி. நீ மாற்றியது சொற்களை மட்டும். லிப்ட் ஓடாத மாடிகளில் ஏறி இறங்கியது நான். "ஒனக்கு வேற வேல இல்லியா" என்று கதவைச் சாத்தியவர்களிடம் மறுபடி போய் நின்றது நான். என்ன கேட்பது என்று யோசித்ததும், எதைக் கேட்கக்கூடாது என்று விட்டதும் நான். அதை எந்த மொழிக்குக் கொண்டுபோனாலும் உன்னுடையது ஆகாது. பெயர் போடாத அந்த நன்றி, ரங்கநாதன் தெருவில் சட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவது மாதிரி இருக்கிறது.

20ஆம் தேதிவரை பார்ப்பேன். நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

நிலா


மயிலாப்பூர்
19 செப்டம்பர் 2025

நிலா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆறு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஷீலா உன் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பகுதியைத் தொட்டிருக்கவே மாட்டேன். அதற்குப் பதிலாக எட்டாவது ஆள், அந்த இட்லிக் கடை நஸ்ருன்னிசா, அவர் பேசியதை நீளமாகப் போட்டிருப்பேன். உன் அம்மாவை எடுக்கிற அளவுக்கு நான் மோசமானவள் இல்லை. அதையாவது நம்பு.

29ஆம் தேதிவரை மட்டும் பொறுத்துக்கொள். உன் குழுவிடம் இன்னும் பத்து நாள் கேள், உடம்பு சரியில்லை என்று சொல். வேலை கிடைத்த மறுநாளே கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இத்தனை வருட சிநேகிதத்துக்காக இதைக் கேட்கிறேன்.

ரவிக்கைத் துணி பச்சை நிறம். உனக்குப் பிடித்த அந்தப் பச்சை.

அனன்யா


பெரும்பாக்கம்
16 டிசம்பர் 2025

அனன்யா,

இத்தனை நாள் உனக்குப் பதில் எழுதவில்லை. எட்டாவது ஆளை எடுத்திருப்பேன் என்ற வரிக்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன். நீ எடுத்ததற்காக வருத்தப்படவில்லை, ஆள் மாறிப்போனதற்காக வருத்தப்படுகிறாய். அந்த இட்லிக் கடையில் இப்போதும் காலையில் சாப்பிடுகிறேன். அவருக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

உன் அம்மா துணியைக் கூரியரில் அனுப்பியிருந்தார். அவருக்கு நன்றி எழுதினேன், பெயர் போட்டு. வேறு எதுவும் எழுதவில்லை.

செப்டம்பர் 22ஆம் தேதி என் தமிழ் ஆய்வேட்டையும் அம்மாவின் இறப்புச் சான்றிதழையும் குழுவிடம் கொடுத்தேன். இந்த முறை உன் பெயரைச் சொன்னேன். நவம்பரில் அந்த ஆய்விதழ் உன் கட்டுரையை நீக்கிவிட்டது. உனக்கு வேலை கிடைத்ததா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

என் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஏழாவது தகவலாளி என் தாய் என்றும், அவர் இருந்தபோது தன் பெயரையே போடச் சொன்னார் என்றும் எழுதி, அனுமதி கேட்டிருந்தேன். கொடுத்தார்கள். நேற்று பைண்டிங் முடிந்து வந்தது. மூன்றாம் இயலில் தேவானை என்றே இருக்கிறது.

தமிழ்நிலா