யார் மடியில்

23 ஆகஸ்ட் 1996, வெள்ளி

கல்யாணத்தை மயிலாப்பூரில்தான் வைக்க வேண்டும், நம் வழக்கம் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று அமெரிக்காவிலிருந்து ரம்யாவும் மாப்பிள்ளையும் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜானவாசம், ஊஞ்சல், நலங்கு எல்லாம் நானே ஓடியோடி ஏற்பாடு செய்தேன். கூட வந்திருக்கும் வெள்ளைக்காரச் சிநேகிதர்களிடம் இன்று காலைகூடப் பெருமையடித்தேன். பெண் அப்பா மடியில் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொள்வாள் என்று.

சாயங்காலம், கல்யாணம் பண்ணிவைக்கும் வாத்தியார் வந்தார்.

"மாமி இல்லையே. தம்பதியாத்தான் பொண்ணைத் தாரை வார்க்கணும். உங்க தம்பியும் அவர் ஆத்துக்காரியும் மணையில உக்காரட்டும்."

ரம்யாவைப் பார்த்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன்.

"சரி, சித்தப்பா மடியிலயே உக்காந்துக்கறேன். எல்லாம் முறைப்படி வேணும்னு நாங்கதானேப்பா கேட்டோம்?"

அவள் மேல் தப்பில்லை. இத்தனையும் யோசித்தவனுக்கு இது மட்டும் தோன்றவில்லை. என் மனைவி கமலா காலமானதையே மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

ரம்யா கடைசியாக என் மடியில் உட்கார்ந்தது எப்போது? ஞாபகமே வரவில்லை. கால் மரத்துப்போச்சு, இறங்குடி என்றுதான் சொல்லியிருப்பேன்.