கியர் பாக்ஸ் மேல் ஒரு தூக்கு

அன்பு மாப்ளே இளங்கோ,

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நீ எனக்கு ‘டேய்’. என் தங்கை வளர்மதியின் கழுத்தில் தாலி கட்டிய அன்று, ஒரே முகூர்த்தத்தில் ‘வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே’ ஆகிவிட்டாய். நாலு பேர் முன்னால் மரியாதை குறையக் கூடாது என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். இப்போது நீ ஆட்சேபம் சொல்ல முடியாத இடத்தில் இருப்பதால் பழைய ‘நீ’க்கே திரும்பிவிட்டேன். பொறுத்துக்கொள்.

உன் கருமாதி நல்லபடியாக முடிந்தது. பந்தியில் எல்லோரும் உன்னைப் பற்றிப் பேசினார்கள் என்று எழுத ஆசைதான். கொஞ்ச நேரம் பேசவும் செய்தார்கள். இலைக்கு வடை வருவதற்குள் பேச்சு உன் பிக்கப் வண்டிக்கு வந்துவிட்டது.

அதில் உனக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். குரும்பலூரில் உன் முகத்தைவிட அந்த டீசல் வண்டியின் முகம்தான் பலருக்குப் பழக்கம். தளம் போடும் செட்டு ஆட்களும் சட்டி மண்வெட்டிகளும் மேலே. கான்கிரீட் கலக்கும் மிஷின் பின்னால். அந்த மிஷினுக்கு இரண்டு சக்கரம் உண்டு. பிரேக், விளக்கு, வெட்கம் எதுவும் கிடையாது. அதை இழுத்துக்கொண்டு நீ போகாத ஊர் இந்த இரண்டு மாவட்டத்தில் இருக்கிறதா?

பேச்சை ஆரம்பித்தவன் உன் தம்பி கலியபெருமாள். “அண்ணி, டீசலுக்கெல்லாம் காலம் முடிஞ்சிடுச்சு. இத குடுத்துட்டு கேஸ் வண்டி எடுத்துடலாம்” என்றான்.

“கேஸ் வண்டி ஆள இழுக்கும்டா. மிஷின இழுக்குமா?” என்றார் உன் சித்தப்பா.

“அதெல்லாம் இழுக்கும் சித்தப்பா. நீங்க ரசத்த வாங்குங்க.”

இன்னொருவர் பேட்டரி வண்டி என்றார். அவரை யாரும் மறுக்கவில்லை, பாயசம் வந்துவிட்டது. எரிபொருளைப் பற்றி அவ்வளவு தீர்மானமாகப் பேசியவர்களில் பாதிப் பேர் பஸ்ஸில் வந்தவர்கள். நானும் பஸ்ஸில்தான் வந்தேன். ஆனால் நான் கல்லூரியில் வரலாறு நடத்தியவன்; முடிந்துபோன விஷயங்களில்தான் அபிப்பிராயம் சொல்லிப் பழக்கம்.

முடிவு சொல்ல வேண்டியவள் வளர்மதி. வண்டியை விற்றால் இழுக்க ஆளில்லாமல் மிஷினும் போய்விடும், செட்டு கலைந்து வேறு மேஸ்திரிகளிடம் சேர்ந்துவிடும். அவள் கையில் இருந்த ஒரே தொழில் அதுதான். விற்காமல் வைத்திருக்கவும் அவளால் முடியவில்லை. வாசலில் நின்ற வண்டியைப் பார்க்காமல் கொல்லை வழியாகவே போய் வந்துகொண்டிருந்தாள்.

ஏன் என்று ஒரு சாயங்காலம் கேட்டேன். அவள் சொன்னது உன் சாப்பாட்டுத் தூக்கைப் பற்றி.

மிஷின் இழுக்கும் நாளில் உனக்குப் புளிச்சோறு, வெறும் வண்டி ஓட்டும் நாளில் தயிர்ச்சோறு என்பது எனக்கும் தெரியும். அதை உன் நாக்கின் விருப்பம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கியர் கம்பிக்குப் பக்கத்தில் மேடாக இருக்குமே, அங்கேதான் தூக்கை வைத்துக் கயிற்றால் கட்டுவாய். அந்த மேட்டுக்கு அடியில் கியர் பாக்ஸ். பின்னால் சுமை இருந்தால் அது காய்கிறது, அதன் மேலிருக்கும் தூக்கும் காய்கிறது, தயிர்ச்சோறு மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது. அதனால்தான் புளிச்சோறு. வெளிநாட்டுப் பெரிய பிக்கப்புகளில் கியர் பாக்ஸ் எத்தனை டிகிரி காய்கிறது என்று முன்னால் எண் ஓடுமாம். நம் வீட்டில் அந்த வேலையைத் தயிர் பார்த்திருக்கிறது.

“ஒரு வாய் மிச்சம் வெக்காம அவரு சாப்புட மாட்டாரு, தெரியுமில்ல? வந்த ஒடனே தூக்கத் தொறந்து மோந்து பாப்பேன். சும்மா போன நாளுலயே புளிச்சி வந்துச்சுன்னா ஆயில் கொறஞ்சிருக்கும். இல்லன்னா இவரு டாப் கியர்லயே முக்க வுட்டு ஓட்டியிருப்பாரு. தூக்கு நெறயவே திரும்பி வந்துச்சுன்னா வண்டி எங்கயோ மக்கர் பண்ணியிருக்கும், சாப்புட நேரம் இருந்திருக்காது.”

பிறகுதான் சொன்னாள். உன் கடைசி வாரத்தில் தூக்கு நிறையவே திரும்பி வந்திருக்கிறது. வண்டிக்கு என்ன என்று கேட்டிருக்கிறாள். வண்டிக்கு ஒன்றுமில்லை, நெஞ்சு கரிக்கிறது, சோடா குடித்தேன் என்றாயாம். நீ வண்டியின் குற்றத்தை மறைக்கிறவன் என்பதால் அவள் நம்பவில்லை. மெக்கானிக் சாதிக் பாயிடம் உடனே காட்டச் சொன்னாள். நீயும் நல்ல பிள்ளையாகப் போய்க் காட்டினாய். பாய் ஆயில் மாற்றினார், ஒழுகிய ஆயில் சீல் ஒன்றையும் மாற்றினார். வண்டி குணமாகிவிட்டது.

“வண்டியத்தாண்ணே பாத்தேன். ஆளப் பாக்கலியே” என்றாள்.

வகுப்பில் பதில் தெரியாதபோது மணி அடித்துக் காப்பாற்றும். அன்று எதுவும் அடிக்கவில்லை. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சோடாவைப் பழி சொல்லியிருப்பாயா?

இதற்கிடையில் செட்டு ஆட்கள் வந்து கேட்டுவிட்டார்கள், அக்கா நாங்கள் இருக்கட்டுமா போகட்டுமா என்று. தா.பழூரில் ஒரு வீட்டுக்குத் தளம் போட நீ ஒத்துக்கொண்ட வேலை நின்றுகொண்டிருந்தது. கலியபெருமாள் சிநேகிதனிடம் கேஸ் வண்டி ஒன்றை ஒரு நாளைக்கு வாங்கி வந்தான். இழுத்துக் காட்டிவிட்டால் அண்ணி சம்மதிப்பாள் என்று அவன் கணக்கு. வளர்மதி ஏறினாள். சாட்சிக்கு என்னையும் ஏற்றினார்கள்.

பெரம்பலூர் தாண்டும் வரை வண்டி மணியாகப் போனது. அரியலூர் சாலையில் சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அதற்கும் முகம் சுளிக்கவில்லை. ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில், ஆட்களின் எடையும் மிஷினின் எடையும் சேர்ந்ததும், அது பெருமூச்சு விட்டது. கலியபெருமாள் பட்டனைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றினான். பெருமூச்சின் ராகம் மாறியது. பாதிப் பேர் இறங்கினால் ஏறிவிடும் என்றான்.

சட்டி தூக்கும் அஞ்சலை இறங்கிக்கொண்டே கேட்டாள்: “ஏன் தம்பி, வண்டி நம்மள ஏத்துமா, நாம வண்டிய ஏத்தணுமா?”

பாலத்து உச்சியில் அவன் கியர் மேட்டைத் தொட்டுப் பார்த்து, “பாருங்க அண்ணி, சூடே இல்ல” என்றான்.

“நாங்கள்லாம் நடந்து வந்தா அது ஏன் சூடாவப் போவுது?” என்றாள் அஞ்சலை.

கேஸ் வண்டிக்கு நியாயமும் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் செலவு குறைவு, புகை இல்லை, சத்தம் இல்லை. வெங்காய மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போக அதற்கு என்ன குறை? பிரேக்கில்லாத இரும்பை நாள் முழுக்க இழுப்பதற்கு அது வாக்கப்படவில்லை, அவ்வளவுதான். உன் டீசல் வண்டி அதே பாலத்தில் மூன்றாவது கியரில் உறுமிக்கொண்டு, யாரையும் இறக்காமல் ஏறும் என்பதை அன்று செட்டு முழுக்க ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். உன் பெயரையும் சொன்னார்கள். கருமாதிப் பந்தியில் கிடைக்காதது உனக்குப் பாலத்தின் மேல் கிடைத்தது.

மறுநாள் காலையில் வளர்மதி வாசல் வழியாக வெளியே வந்தாள். வண்டியின் கதவைத் திறந்து சாவியைக் கலியபெருமாளிடம் கொடுத்தாள்.

“நீங்களே ஓட்டுங்க தம்பி. மிஷின் பின்னாடி இருந்தா அஞ்சாவது கியரே கெடையாதுன்னு நெனச்சிக்குங்க. எஞ்சின் முக்குச்சுன்னா ஒடனே கீழ்கியருக்கு எறக்குங்க. லாரிக்குப் பின்னாடி கிளச்சுல பாதிக் கால வச்சிக்கிட்டு ஊராதீங்க.”

“அண்ணன் சொன்னதாண்ணி?”

“அவரு செய்யாதது” என்றாள்.

இப்போது உன் வண்டி ஓடுகிறது. தூக்கும் அதே மேட்டில் அதே கயிற்றில் போகிறது. கடைசிச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் குன்னத்தில் தளம் போட்டுவிட்டு மத்தியானமே வேலை முடிந்து வந்தார்கள். நானும் அப்போது உன் வீட்டில்தான் இருந்தேன். வளர்மதி தூக்கைக் கையில் வாங்கினாள். கனத்தது. திறந்தாள். புளிச்சோறு தொடாமல் இருந்தது.

“வண்டி நல்லாத்தான் ஓடுது அண்ணி” என்றான் கலியபெருமாள்.

“வண்டிய யாரு கேட்டா?” என்றாள்.

அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் அவனை வண்டிக்குள் தள்ளி, ஓட்டத் தெரிந்த இன்னொருவனை உட்கார வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு, மிஷினைக் கழற்றக்கூட விடாமல் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். கான்கிரீட் மிஷினோடு வந்த நோயாளியை வாட்ச்மேன் எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் திகைத்தார். நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் அதை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதயம் நல்லா இருக்கு. மதியம் என்ன சாப்ட்டீங்க?”

“பிரியாணி சார். தளம் போட்ட வூட்டுல ஆட்டுக்கறி போட்டாங்க.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றேன்.

“எங்க சொல்ல வுட்டாங்க? அதுவுமில்லாம, அண்ணி கட்டிக்குடுத்த சோத்த வுட்டுட்டு பிரியாணி தின்னேன்னு எந்த வாயால சொல்றது?”

வளர்மதி சிரித்தாள், மாப்ளே. நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, மிஷினின் இழுவைக் கம்பி மேலேயே உட்கார்ந்து, இன்னும் கையிலேயே இருந்த தூக்கைத் திறந்து அந்தப் புளிச்சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோறு இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று எனக்கும் ஒரு கை கொடுத்தாள். குன்னத்திலிருந்து மிஷினை இழுத்து வந்த சூடு. உன் வண்டி தந்தது.

ஒரு வாய் மிச்சம் வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். இனி அந்தத் தூக்கு நிறைந்து வந்தால், யார் கொண்டுவந்தாலும், முதலில் ஆளைப் பார்ப்போம். உன் வண்டி கொஞ்சம் காத்திருக்கும். அதற்குப் பொறுமை உண்டு. வளர்மதியின் தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
அதற்கும் முன்னால் உன் பெஞ்சுக்காரன்