ஓசூரில் ஆறு சிவந்தால் கடலூரில் கொடுவா

ஐப்பசி 5, புதன்
காலையில் தூறல். ஏ ஷிப்ட். முன்னால் லாரி பழுது, கம்பெனி பஸ் ஆற்றுப் பாலத்தில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் ஆறு முழுக்க வெள்ளை நுரை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் சிரித்தேன். தென்பெண்ணையில் தண்ணீர் வந்தால் எங்கள் ஊர் முகத்துவாரத்தில் கொடுவா மீன் வரும். இந்த ஆறு கடலூரில் போய்க் கடலில் சேர்கிறது என்பதே ஓசூரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

டீ நேரத்தில் தம்பி செல்வத்துக்குப் போன். கேரளாவில் பெரிய விசைப்போட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், கொல்லத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று அவனுக்கு ஒரே குழப்பம். போனால் சீசன் முடிந்துதான் திரும்புவான். சொந்தப் படகு மணலில் கிடக்கும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஆறும் வரவில்லை, கொடுவாவும் வரவில்லை.

"போவாதடா. தண்ணி கெளம்பிடுச்சி. கொடுவா வலைய எடுத்து வை."

"நெசமாவாக்கா?"

"என் கண்ணால பாத்தேன்டா."

பின்னால் அப்பா குரல்: "ஓசூருல உக்காந்துகினு கடல பாக்குறாளாமா? பொட்டப்புள்ள பேச்ச கேட்டு வலை எறக்குவியா நீ?"

எரிச்சலாக வந்தது. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

வாங்க வேண்டியது: புளி, பல்ப், குடை (பழையது பஸ்ஸிலேயே போச்சு).

ஐப்பசி 6, வியாழன்
சுள்ளென்று வெயில். போட்டுக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டானாம் செல்வம். என் ஒரு வார்த்தைக்காக. தலைகால் புரியவில்லை எனக்கு.

பக்கத்து வீட்டு முனிலட்சுமி அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஆற்றோரம் கீரைத் தோட்டம். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அய்யய்யோ, நொரைய பாத்தா சொன்ன? சாக்கடைக் கழிவும்மா அது, கொஞ்சூண்டு மழை பேஞ்சாலே இங்க நொரை பொங்கும். நெச வெள்ளம்னா செம்மண்ணா வரும், அடியில தண்ணி செவப்பா இருந்துச்சா?"

பார்க்கவில்லை. கறுப்பாக இருந்த மாதிரிதான் ஞாபகம். கடற்கரையில் பிறந்தவள், நுரையைப் பார்த்து ஏமாந்தேன்!

செல்வத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அப்பா சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

ஐப்பசி 7, வெள்ளி
மழை இல்லை. ரசம் வைத்தேன், உப்பு போடவில்லை. வீட்டுக்காரர்தான் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்து வந்தார். செல்வம் வலை தைக்கிற போட்டோ அனுப்பியிருக்கிறான். சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிறு
லீவு. நேற்று பெங்களூர் பக்கம் வானம் இருண்டு, விடிய விடிய மழை. காலையில் முனிலட்சுமி அக்காவோடு தோட்டத்து வழியாக இறங்கினேன். கரை மேட்டில் நின்றபடி, ஒதுங்கியிருந்த நுரையை நீளக் கம்பால் விலக்கினார்.

செம்மண் கரைத்த தண்ணீர். தென்னை மட்டை, வாழை மரம், ஒற்றைச் செருப்பு எல்லாம் அடித்துக்கொண்டு போகிறது. அணையில் ஷட்டர் தூக்கிவிட்டார்கள், யாரும் ஆற்றில் இறங்காதீர்கள் என்று ஆட்டோவில் மைக் போட்டுக்கொண்டு போனார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

"இப்ப சொல்லும்மா உன் தம்பிக்கி."

முன்பே சொல்லிவிட்டேனே அக்கா, அதுதானே இத்தனை நாள் பயம்!

ஐப்பசி 11, செவ்வாய்
பி ஷிப்ட். என் லைனில் சுதா, காவேரிப்பட்டினத்துப் பெண். "எங்கூர்ல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு போவுதுங்கக்கா" என்றாள். அப்படியானால் அதற்கு மேலே இருக்கிற கிருஷ்ணகிரி அணையையும் தண்ணீர் தாண்டிவிட்டது. இனி சாத்தனூர் ஒன்றுதான். அங்கே தேக்கிவிட்டால் எல்லாம் வீண். செல்போனில் செய்தி பார்த்தேன். அணை நிரம்பிவிட்டது, வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுகிறார்கள். கேண்டீனில் இரண்டாம் தரம் சோறு வாங்கினேன்.

சூப்பர்வைசர், "என்னம்மா, வீட்ல விசேஷமா?"

"ஆமா சார். எங்கூருக்கு ஆறு போவுது."

ஒன்றும் புரியாமல் போனார்.

ஐப்பசி 14, வெள்ளி
தூறல். துணி காயவில்லை. செல்வம் போனில் கத்துகிறான். முகத்துவாரத்து மணல் திட்டு உடைந்துவிட்டது. கடல் ஓரமெல்லாம் செம்மண் நிறம். மடவை மீன் துள்ளுகிறது, மேலே ஆலாப் பறவைகள் கூட்டம். மடவையைத் துரத்திக்கொண்டுதான் கொடுவா வரும். "வாசமே மாறிப்போச்சிக்கா!" என்றான். எனக்கு இங்கே மூக்கில் அடித்தது அந்த வாசம்.

ஐப்பசி 16, ஞாயிறு
லீவு. காலையில் போட்டோ. படகின் முன்பக்கம், அணியத்தில் கொடுவா, வாலைப் பிடித்துத் தூக்கினால் செல்வம் மகள் உயரம் இருக்கும். முதல் வலையிலேயே! லைன் பெண்கள் குரூப்பில் உடனே போட்டேன்.

சுதா: "இது உங்க ஆத்து மீனா, எங்க ஆத்து மீனாக்கா?"

கர்வம்தான். இருக்கட்டுமே. கடலில் கால் நனைக்காமல் கொடுவா பிடித்தவள் எங்கள் குப்பத்தில் வேறு யார்?

மாலை அப்பா போன். அவராகப் போட்டதே இல்லை, அம்மா பேசும்போது நடுவில் வாங்கி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். இன்று சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருமினார்.

"ஏம்மா... அங்க தண்ணி இன்னும் செவப்பாதான் வருதா? நாளைக்கி நானும் வலை எறக்கலாம்னு பாக்குறேன்."

செருப்பை மாட்டினேன்.

"இருப்பா. பாலத்துக்குப் போயி பாத்துட்டு சொல்றேன்."

"சரிம்மா. நீ சொன்னப்பறம்தான் எறக்குவேன்."