இரண்டு படகு இறால்

12-11-97, புதன்

கை கழுவியும் இறால் வாடை போகவில்லை. ஆத்திரமும் போகவில்லை.

நேற்று ஒரே படகின் சரக்கு. கெட்டது கலந்திருக்கிறதா, சைஸ் சரியா என்று இரண்டு கேள்வி. பெட்டியை ஒருமுறை திறந்தே இரண்டையும் பார்த்துவிட்டோம். கூட்டாளி தேவராஜுக்கு அதில்தான் தலைக்கனம். இன்று கல்மண்டபம் ஷெட்டில் இரண்டு படகுச் சரக்கு.

"ரெண்டையும் ஒண்ணா பாத்துக்கலாம் மாமு, பாதிப் பெட்டி தொறந்தா போதும்" என்றான். நானும் தலையாட்டினேன்.

ஒரு படகின் பெட்டி அடுத்த படகைப் பற்றி என்ன சொல்லும்? கெட்டது இல்லவே இல்லை என்று வாங்க வந்தவரிடம் சொல்ல, இரண்டிலும் கடைசிப் பெட்டிவரை திறக்க வேண்டியதாயிற்று. மாற்றி மாற்றித் திறந்து போட்டதில் ஐஸ் கரைந்து, நல்ல இறால் எல்லாம் தலை கறுத்தது. ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் வாங்காமலே போய்விட்டார்.

தேவராஜ் அசரவில்லை. "இன்னா மாமு, கோச்சிக்கினியா? நாளைக்கு மூணு படகு வருது. சேத்துப் பாத்தா இன்னும் மிச்சம்."

"மூலக்கொத்தளத்துல மூணு பொணத்துக்கு ஒரே குழி வெட்டுவியா நீ?" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு. நாளை அந்தக் கம்பெனிக்காரர் என் ஷெட் பக்கம் வருவாரா என்பதுதான் எனக்குக் கவலை.